எட்டாம் நம்பர் போல்ட்டுக்கு ஒரு டார்க் ரெஞ்ச்

கோலார் தங்கவயலில் ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த ஆள் இல்லாத தெரு குறைவு. 1880-ல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி இங்கே கால் வைத்ததிலிருந்து 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது வரை, வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்த குடும்பங்களில் மூன்று நான்கு தலைமுறை ஆட்கள் ஃபிட்டர்களாகவும் டர்னர்களாகவும் வெல்டர்களாகவும் வேலை பார்த்திருக்கிறார்கள். 1964-ல் தொடங்கிய பாரத் எர்த் மூவர்ஸ், ஊர் வழக்கில் பெமல், இங்கே தொழிற்சாலை வைத்தபோது புல்டோசர் பூட்டக் கற்றவர்கள் இன்னொரு கூட்டம். அவர்களின் பிள்ளைகளில் பலர் இப்போது விடியற்காலையில் மாரிக்குப்பத்திலிருந்து கிளம்பும் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறார்கள். மிஞ்சுவது ஞாயிற்றுக்கிழமைதான். அன்றைக்கு வாசலில் சாக்கை விரித்து, பைக்கின் ஹெட்டைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்காருவதற்கு இந்த ஊரில் யாரும் வெட்கப்படுவதில்லை.

அப்படி உட்காருகிறவர்களிடம், முறுக்கை அளந்து போல்ட்டை இறுக்கும் டார்க் ரெஞ்ச் வாங்க வேண்டுமா, எது வாங்க வேண்டும் என்று பேச்செடுத்தால் இரண்டு பதில்களே திரும்பத் திரும்ப வருகின்றன. ஒன்று, “கை சொல்லும்பா, அதெல்லாம் எதுக்கு?” மற்றது, “வாங்கறதுன்னா நல்ல கம்பெனிதா பெருசா ஒண்ணு வாங்கிப் போடு.” இரண்டுமே தவறு என்பது என் கருத்து. இரண்டும் தவறுவதற்குக் காரணமும் ஒன்றே.

முதலில் கையைப் பற்றி. சுரங்கத்தில் பழகிய கை எதில் பழகியது? சாம்பியன் ரீஃப் சுரங்கம் தரைக்குக் கீழே 3,200 மீட்டர் வரை இறங்கியது. அவ்வளவு ஆழத்துக்கு ஆளையும் கல்லையும் ஏற்றி இறக்கும் வைண்டிங் இன்ஜின், காற்றை அமுக்கித் தள்ளும் கம்ப்ரசர், தண்ணீர் இறைக்கும் பம்பு, கல் உடைக்கும் மில் என்று எல்லாமே எஃகும் வார்ப்பிரும்பும். போல்ட் கட்டை விரல் பருமனுக்குக் குறையாது. அதை ரிங் ஸ்பேனரில் குழாய் மாட்டி இழுத்தாலும், சம்மட்டியால் ஸ்பேனரைத் தட்டினாலும் அந்த இரும்பு தாங்கிக்கொள்ளும். பைக் இன்ஜின் வேறு ஜாதி. அதன் உடல் அலுமினியம். கிளட்ச் கவர், மேக்னெட் கவர், டேப்பட் கவர், கிராங்க் கேஸ் எல்லாவற்றையும் பிடித்திருப்பது பெரும்பாலும் 6 மில்லிமீட்டர் போல்ட், அதாவது எட்டாம் நம்பர் அல்லது பத்தாம் நம்பர் ஸ்பேனர் போடும் போல்ட். அலுமினியத்தில் வெட்டிய மரை ஒரு முறை உருவிக்கொண்டு வந்தால், லேத்துக்குத் தூக்கிப் போய்த் துளையைப் பெரிதாக்கிக் கம்பிச்சுருள் மரை போட வேண்டும். பெரிய இரும்பில் பெற்ற கையுணர்வு சின்ன அலுமினியத்துக்கு அப்படியே வந்து சேராது. பெரிய ரெஞ்ச் வாங்கச் சொல்லும் யோசனையும் அதே பழைய இரும்பிலிருந்து வருவதுதான்.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 8.8 தரம் என்று தலையில் பொறித்த 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் முறுக்கு 10 நியூட்டன்-மீட்டர். 8 மில்லிமீட்டருக்கு 25, 10 மில்லிமீட்டருக்கு 50-ஐ ஒட்டி. இவை எஃகில் எஃகு இறுகும்போது உள்ள பொது அளவுகள். இன்ஜினின் மேனுவலில் வேறு எண் இருந்தால் அதுவே சரி. இப்போது 10 நியூட்டன்-மீட்டரைக் கையால் எப்படிக் கொடுக்கிறோம்? 15 சென்டிமீட்டர் ஸ்பேனரில் ஏறக்குறைய 7 கிலோ இழுப்பு. 25 சென்டிமீட்டர் ராட்செட்டில் 4 கிலோ. 45 சென்டிமீட்டர் நீளமும் அரை அங்குலச் சதுர முனையும் உள்ள பெரிய டார்க் ரெஞ்சில் இரண்டே கால் கிலோ. ரெஞ்சின் சொந்த எடையே ஒரு கிலோவுக்கு மேல் இருக்கும்போது அந்த இரண்டே கால் கிலோவைக் கை எங்கே உணரப் போகிறது?

அந்தச் சின்ன முறுக்கு போல்ட்டுக்குள் செய்யும் வேலை சின்னதல்ல. முறுக்குவது போல்ட்டைச் சுற்றுவதற்காக இல்லை, இழுத்து நீட்டுவதற்காக. நீண்ட போல்ட் சுருங்கப் பார்க்கும். அந்தச் சுருக்கம்தான் கவரையும் கேஸ்கட்டையும் அழுத்திப் பிடிக்கிறது. உலர்ந்த மரையில் 10 நியூட்டன்-மீட்டர் கொடுத்தால் எட்டாம் நம்பர் போல்ட் ஏறத்தாழ 850 கிலோ இழுப்பில் நிற்கும். கொடுக்கும் முறுக்கில் பத்தில் ஒரு பங்குதான் இந்த இழுப்பாக மாறுகிறது. ஏறக்குறைய பாதி போல்ட் தலைக்கு அடியில் உராய்விலும், மீதி மரைக்குள் உராய்விலும் போய்விடுகிறது.

டார்க் ரெஞ்ச் பற்றிய பேச்சில் எல்லோரும் தாண்டிப் போகும் இடம் இதுதான். உராய்வு கொஞ்சம் மாறினால் இழுப்பு நிறைய மாறும். அதே போல்ட்டின் மரையில் எண்ணெய் தடவிவிட்டு அதே 10 கொடுத்தால் இழுப்பு 1,100 கிலோவைத் தாண்டும். அந்தப் போல்ட் நிரந்தரமாக நீளாமல் தாங்கும் எல்லையே 1,200 கிலோவை ஒட்டித்தான். வழுக்கும் களிம்பு ஏதாவது பூசியிருந்தால் அந்த எல்லையும் போயிற்று. எதிர்ப்பக்கம், மரையில் துருவும் மண்ணும் இருந்தால் ரெஞ்ச் ‘கிளிக்’ என்று சொல்லும். போல்ட்டோ பாதி இழுப்பில்தான் நிற்கும். பொறியியல் கையேடுகளில் அடிக்கடி எடுத்தாளப்படும் அட்டவணை ஒன்று உண்டு: போல்ட்டின் இழுப்பைக் கையுணர்வால் அமைத்தால் பிழை 35 சதவீதம் வரை, டார்க் ரெஞ்சால் அமைத்தால் 25 சதவீதம் வரை, நட்டைக் கோணக் கணக்கில் திருப்பினால் 15 சதவீதம் வரை. ரெஞ்சின் பெட்டியில் அச்சிட்டிருக்கும் 4 சதவீதம் முறுக்குக்கு. இந்த 25 சதவீதம் இழுப்புக்கு. நடுவில் இருக்கும் வித்தியாசம் முழுவதும் உராய்வு.

தங்கவயலில் இதற்கு ஒரு உள்ளூர்க் காரணமும் சேர்கிறது. தங்கம் பிரித்தெடுத்த பின் கொட்டிய கழிவுமண், சயனைடு குன்றுகளாக ஊரைச் சுற்றி நிற்கிறது. மாவாக அரைத்த கல் அது. காற்றுக் காலத்தில் கிளம்பி வந்து கொடியில் காயும் துணியில் படிகிறது. சாக்கில் பரப்பி வைத்த போல்ட்டில் மட்டும் படியாமல் இருக்குமா? எண்ணெய் பிசுக்கோடு சேர்ந்தால் மரைக்குள் உப்புத்தாள் போலத் தேய்க்கும். ஆகவே டார்க் ரெஞ்சுக்கு முன்னால் வாங்க வேண்டியவை ஒரு பித்தளைக் கம்பி பிரஷ், கொஞ்சம் மண்ணெண்ணெய், மூடியுள்ள ஒரு டப்பா. கழற்றிய போல்ட் டப்பாவுக்குள் போக வேண்டும்; பூட்டும் முன் மரையும் துளையும் கழுவித் துடைக்கப்பட வேண்டும். மேனுவல் எண்ணெய் போடச் சொன்ன போல்ட்டுக்கு மட்டும் எண்ணெய். இதைச் செய்யாதவர் இருபதாயிரம் ரூபாய் ரெஞ்ச் வைத்திருந்தாலும் குருட்டுப் பூட்டுதான்.

அப்படியென்றால் டார்க் ரெஞ்ச் எதற்கு என்று கேட்கலாம். இரண்டு காரணம். ஒரு கவரில் பத்து போல்ட் இருந்தால் பத்தும் ஒரே மாதிரி இறுக வேண்டும். இல்லையென்றால் கவர் வளைந்து எண்ணெய் கசியும். சுத்தமான மரையில் அந்த ஒப்புமையை ரெஞ்ச் தரும். களைத்த கை தராது. பத்தாவது போல்ட்டுக்கு வரும்போது முதல் போல்ட் எப்படி இருந்தது என்பது கைக்கு மறந்திருக்கும். இரண்டாவது, அலுமினிய மரை உருவும் முன் நிறுத்தச் சொல்லும் காவல்.

இந்தக் கருவி பிறந்ததும் தரைக்கு அடியில் நடந்த வேலைக்காகத்தான். நியூயார்க் நகரத் தண்ணீர்த் துறையில் வேலை பார்த்த கான்ராட் பார், தெருவுக்கு அடியில் ஓடும் குழாய்களின் போல்ட்டுகளை ஆட்கள் அளவுக்கு மீறி இறுக்குவதைத் தடுக்க 1918-ல் இதை உருவாக்கினார். இறுக்கம் போதாது என்பதைவிட இறுக்கம் மிஞ்சுகிறது என்பதுதான் அன்றைக்கும் புகார்.

இனி வகைகள். கடையில் கிடைப்பவை அடிப்படையில் மூன்று. முள் காட்டும் வகையில் ஒரு எஃகுத் தண்டு வளையும். அதன் பக்கத்தில் வளையாத ஒரு மெல்லிய முள் தட்டில் எண்ணைக் காட்டும். சுருளும் இல்லை, பேட்டரியும் இல்லை, கெட்டுப்போக ஒன்றும் இல்லை. முள் பூஜ்ஜியத்தில் நிற்கவில்லையென்றால் மெதுவாக வளைத்து நேர் செய்துகொள்ளலாம். குறை, முள்ளுக்கு நேர் மேலே கண் இருக்க வேண்டும். வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு படிக்க முடியாது. கைப்பிடி ஒரு ஆணியில் ஆடும்படி வைத்திருப்பார்கள். இழுக்கும்போது அது இரு முனையிலும் தண்டைத் தொடாமல் மிதக்க வேண்டும். இதைக் கவனிக்காதவர்கள்தான் இந்த ரெஞ்சைக் குறை சொல்கிறவர்களில் பெரும்பாலோர். ஐ.எஸ்.ஓ. 6789 என்ற பன்னாட்டுத் தரம் இந்த வகைக்கு 6 சதவீதம் வரை பிழையை அனுமதிக்கிறது.

கிளிக் வகையில் கைப்பிடியைத் திருகி அளவை வைக்கிறோம். உள்ளே ஒரு சுருள் அமுங்கி, ஒரு கட்டையைத் தாங்கிப் பிடிக்கிறது. வைத்த அளவு வந்ததும் கட்டை சரிந்து சத்தமும் உதறலும் தருகிறது. உச்ச அளவு 10 நியூட்டன்-மீட்டருக்கு மேல் உள்ள ரெஞ்சுக்கு இதில் அனுமதி 4 சதவீதம். அதற்குக் கீழ் 6. வேகமானது, இருட்டிலும் வேலை செய்யும். ஆனால் சுருள் என்பது களைக்கக்கூடியது. உயர்ந்த அளவில் வைத்தபடியே மாதக்கணக்கில் பெட்டியில் போட்டால் அதன் குணம் மாறும். அதனால்தான் வேலை முடிந்ததும் அளவுகோலின் கீழ் எல்லை வரை இறக்கி வைக்கச் சொல்கிறார்கள். எல்லைக்கும் கீழே தளர்த்திக் கழற்றவும் கூடாது. நெடுநாள் கிடந்த ரெஞ்சில் உள்ளே கிரீஸ் இறுகியிருக்கும். நடு அளவில் நான்கைந்து முறை கிளிக் செய்துவிட்டு வேலையைத் தொடங்க வேண்டும். ராட்செட் இரு பக்கமும் திரும்புவதால் இரு பக்கமும் அளக்கும் என்று நினைக்கவும் கூடாது. பல மாடல்கள் வலப்பக்கம் மட்டுமே அளக்கும்.

மூன்றாவது டிஜிட்டல். பேட்டரி, திரை, பீப் சத்தம். வசதியானது என்பதில் சந்தேகமில்லை. வீட்டுக்கு அவசியமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. வாங்குகிறவர் ஒன்றைப் படித்துப் பார்க்க வேண்டும். பிழை சதவீதம் காட்டும் எண்ணுக்கா, முழு அளவுக்கா? முழு அளவு 200 உள்ள ரெஞ்சில் “முழு அளவில் 4 சதவீதம்” என்றால் 8 நியூட்டன்-மீட்டர். 40-ஐ அளக்கும்போது அந்த 8 என்பது 20 சதவீதம். சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள்.

அளவெல்லையைத் தேர்ந்தெடுப்பதில்தான் பணம் வீணாகிறது. எந்தப் பிராண்ட் என்ற வாக்குவாதத்தில் நடக்கும் நஷ்டத்தைவிட இது அதிகம். முதல் முறை வாங்குகிறவர் கேட்பது அரை அங்குல ரெஞ்ச், 40 முதல் 200 வரை. கார் வீல் நட்டுக்கு அது பொருந்தும். சின்னக் காருக்கு 85 முதல் 110 வரைதான் தேவைப்படும். பைக் இன்ஜினின் உள்ளே அதற்கு ஏறக்குறைய வேலையே இல்லை. ஐ.எஸ்.ஓ. தரத்தின்படி ரெஞ்சைச் சோதிப்பது அதன் உச்ச அளவின் 20, 60, 100 சதவீதங்களில். 20-க்குக் கீழே கோடு போட்டிருந்தாலும் அந்த இடத்துக்கு யாரும் பொறுப்பில்லை. போதாக்குறைக்கு, பெரிய ரெஞ்சில் சின்ன அளவுக்குக் கிளிக் மிக மெலிதாக வரும். காதிலும் விழாது, கைக்கும் தெரியாது. இன்னும் வரவில்லையே என்று இழுத்துக்கொண்டே போவார். மரை உருவுவது அந்த நொடியில்தான்.

பைக்கில் அடிக்கடி தொடும் இடங்களை எண்ணிப் பாருங்கள். கவர் போல்ட்டுகள் 10-ஐ ஒட்டி. ஸ்பார்க் பிளக்குக்கு, அலுமினிய ஹெட்டில், 10 மில்லிமீட்டர் மரையென்றால் 10 முதல் 12, 12 மில்லிமீட்டருக்கு 15 முதல் 20, 14 மில்லிமீட்டருக்கு 25 முதல் 30. எண்ணெய் வடிக்கும் போல்ட்டும் நூறு, நூற்றிருபது சி.சி. வண்டிகளின் ஹெட் நட்டும் பெரும்பாலும் 20-லிருந்து 35-க்குள். ஆகவே முதல் ரெஞ்ச் 5 முதல் 25 வரை அளக்கும் கால் அங்குல ரெஞ்சாக இருக்கட்டும். அடுத்தது 10 முதல் 60 வரை, முக்கால் பங்கு வேலையை முடிக்கும் எட்டில் மூன்று அங்குல ரெஞ்ச். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், அந்த எட்டில் மூன்றை வாங்கி, அதில் 12-க்குக் கீழே போகாமல், எட்டாம் நம்பர் போல்ட்டுகளைச் சிறிய ஸ்பேனரால் பார்த்துப் பூட்டலாம். அரை அங்குலப் பெரிய ரெஞ்ச் கடைசி.

பிராண்டுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். இங்கிலாந்தின் நார்பார், ஜப்பானின் டோனிச்சி, ஜெர்மனியின் ஸ்டால்வில்லே போன்றவை தொழிற்சாலைக்காரர்களின் தேர்வு, விலையும் அப்படித்தான். நம் நாட்டு டபாரியா போன்றவை வீட்டு வேலைக்குப் போதும். பெயரைவிட நான் முதலில் பார்ப்பது பெட்டிக்குள் இருக்கும் காகிதத்தை. அதில் இந்த ஒரு ரெஞ்சின் வரிசை எண் எழுதி, மூன்று இடங்களில் அளந்த எண்கள் இருக்கிறதா, அல்லது எல்லாப் பெட்டிக்கும் போடும் பொது அச்சுத்தாளா? வரிசை எண் ரெஞ்சின் உடலிலும் பொறித்திருக்க வேண்டும். பெங்களூர் எஸ்.பி. ரோடு கடைகளில் பெட்டியைப் பிரித்துக் காட்டச் சொன்னால் காட்டுவார்கள்; காட்டாத கடையில் வாங்காதீர்கள். சண்டே பஜாரில் பழைய ரெஞ்ச் கிடைத்தால், முள் வகையைத் தாராளமாக வாங்கலாம். பழைய கிளிக் வகை, சோதிக்கும் வரை வெறும் கைப்பிடிதான்.

சோதிப்பது எப்படி? தரம் சொல்வது 12 மாதம் அல்லது 5,000 முறை, எது முதலோ. என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற ஆய்வகங்கள் பெங்களூரில் இருக்கின்றன. ஆனால் மலிவான ரெஞ்சுக்கு ஆண்டுதோறும் சான்றிதழ் எடுத்தால், கட்டணம் சீக்கிரமே ரெஞ்ச் விலையைத் தாண்டிவிடும். வீட்டிலேயே செய்ய ஒரு வழி உண்டு. தங்கவயல்காரருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ரெஞ்சின் சதுர முனையை வைஸில் கடிக்கவைத்து, உடல் தரைக்கு இணையாக நிற்கும்படி பிடியுங்கள். எடை தொங்கும்போது இறுக்கும் பக்கமாகத் திரும்ப வேண்டும். மளிகைக் கடையில் எடையளவுத் துறை முத்திரை உள்ள 5 கிலோ இரும்புப் படி ஒன்றைக் கேட்டு வாங்கி, கைப்பிடியின் நடுவில் கயிற்றால் தொங்கவிடுங்கள். சதுர முனையின் நடுவிலிருந்து கயிறு வரை 20 சென்டிமீட்டர் என்றால், 5 பெருக்கல் 9.8 பெருக்கல் 0.20, ஆக 9.8 நியூட்டன்-மீட்டர். இதோடு ரெஞ்சின் சொந்த எடையையும் சேர்க்க வேண்டும். பலர் விடுவது இதைத்தான். அரைக் கிலோ ரெஞ்ச், விரலில் சமநிலையாக நிற்கும் இடம் முனையிலிருந்து 10 சென்டிமீட்டர் என்றால் இன்னொரு 0.5. மொத்தம் 10.3. ரெஞ்சை 9.6-ல் வைத்தால் கிளிக் வர வேண்டும். 11-ல் வைத்தால் வரக்கூடாது. எடையைக் கையால் மெதுவாக விட வேண்டும். தொப்பென்று விட்டால் கணக்கு பொய்.

பெரிய ரெஞ்சுக்கு 10 கிலோ படி, 40 சென்டிமீட்டர் தூரம்: 39.2. ரெஞ்ச் ஒரு கிலோ, சமநிலை 20 சென்டிமீட்டரில் என்றால் இன்னும் 2. விட்டிருந்தால் இதுவே 5 சதவீதப் பிழை. கண்ட எண்ணையும் தேதியையும் பெட்டியின் மூடியில் எழுதி வையுங்கள். ஒவ்வொரு வருடமும் ஒரே அளவு தள்ளிக் காட்டினால் பரவாயில்லை, கழித்துக்கொள்ளலாம். வருடா வருடம் மாறிக்கொண்டே போனால் சுருள் போய்விட்டது. பெயர் பெற்ற பிராண்ட் என்பதைவிட, நாமே சோதித்துக் குறித்து வைத்த ரெஞ்சையே நான் நம்பகமானது என்பேன்.

அலகுக் குழப்பமும் மரையை அழிக்கிறது. பழைய மேனுவல்களில் முறுக்கு கிலோகிராம்-மீட்டரில் இருக்கும். 1 என்றால் 9.8 நியூட்டன்-மீட்டர். இறக்குமதி ரெஞ்சுகளில் அடி-பவுண்டு கோடும் பக்கத்திலேயே ஓடும். 10 அடி-பவுண்டு என்பது 13.6 நியூட்டன்-மீட்டர். தவறான கோட்டில் 10 வைத்தவர் எட்டாம் நம்பர் போல்ட்டுக்கு 36 சதவீதம் கூடுதலாகக் கொடுத்திருப்பார். வேண்டாத கோட்டின் மேல் டேப் ஒட்டிவிடுவது நல்லது.

கையாள்வதில் மூன்றே விஷயம். டார்க் ரெஞ்சால் இறுகிய போல்ட்டைக் கழற்றக் கூடாது. கிளிக் வந்ததும் நிறுத்த வேண்டும். உறுதிக்காக இன்னொரு கிளிக் என்பது இன்னும் கொஞ்சம் இறுக்கம். ரெஞ்சின் நீளத்தைக் கூட்டும் வகையில் முன்பக்கம் நீட்டிப்பு மாட்டினால், வைக்கும் எண்ணைக் குறைக்க வேண்டும்: ரெஞ்சின் நீளத்தை, நீட்டிப்போடு சேர்ந்த நீளத்தால் வகுத்து, தேவையான முறுக்கால் பெருக்க வேண்டும். சாக்கெட்டுக்கு மேலே நேராக நிற்கும் எக்ஸ்டென்ஷன் ராடுக்கு இந்தத் திருத்தம் வேண்டாம்.

ஹெட் பூட்டும்போது குறுக்கும் நெடுக்குமாக, இரண்டு மூன்று கட்டமாக ஏற்றிப் போக வேண்டும் என்பது தங்கவயலில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. புதிய தலைமுறைக் கார் இன்ஜின்களில் நிலைமை வேறு. அவற்றில் பலவற்றின் ஹெட் போல்ட்டுக்கு முதலில் ஒரு சிறிய முறுக்கு, பிறகு 90 டிகிரி, பிறகு இன்னொரு 90 டிகிரி என்று மேனுவல் சொல்லும். போல்ட்டை அதன் மீளும் எல்லை வரை வேண்டுமென்றே நீட்டும் முறை அது. உராய்வின் விளையாட்டை அது பெருமளவு ஒதுக்கிவிடுகிறது. பல மாடல்களில் கழற்றிய போல்ட்டை மறுபடி போடவும் கூடாது. அங்கே டார்க் ரெஞ்சின் வேலை முதல் கட்டத்தோடு முடிந்துவிடும். அதற்கப்புறம் தேவை கோணமானியும் புதுப் போல்ட் செட்டும். இவை இரண்டும் கையில் இல்லாதவர் வாசலில் அந்த ஹெட்டைத் திறக்காமல் இருப்பதே மேல்.